ஓடினாலும் காசு, சும்மா நின்றாலும் காசு: கிளவுட் டேட்டாபேஸ் செலவைக் குறைக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கிளவுட் பற்றி யார் விளக்கினாலும் முதலில் வரும் வாசகம் ஒன்றுதான்: பயன்படுத்துகிற அளவுக்கு மட்டும் பணம் கட்டினால் போதும். டேட்டாபேஸ் விஷயத்தில் இது பாதிதான் உண்மை. அங்கே பெரும்பாலும் நாம் பணம் கட்டுவது பயன்படுத்தியதற்கு அல்ல, நமக்கென்று எடுத்து வைத்ததற்கு. 500 ஜிபி இடம் வாங்கி அதில் 40 ஜிபியை மட்டும் நிரப்பியிருந்தாலும் பில்லில் 500 ஜிபிதான் வரும். எட்டு கோர் உள்ள இயந்திரம் நாள் முழுக்க ஐந்து சதவீத வேலையே செய்தாலும் எட்டு கோருக்கும் முழு வாடகை. எங்கெங்கே எதை எடுத்து வைத்திருக்கிறோம், அதில் எவ்வளவு உண்மையிலேயே தேவை, தேவையில்லாததை எந்த வரிசையில் விடுவிப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை முழுக்க நாம் பார்க்கப் போவது.

வரிசை என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. இந்த வேலையில் புதிதாக இறங்குகிறவர்கள் பலரும் நேராகத் தள்ளுபடி ஒப்பந்தத்துக்குப் போய்விடுவார்கள். ஒரு வருடத்துக்கு உறுதி கொடுத்தால் விலை குறையும் என்று திரையில் எழுதியிருக்கும். உடனே பட்டனை அழுத்திவிடுவார்கள். அப்புறம்தான் அந்த இயந்திரமே பாதி அளவில் இருந்தால் போதும் என்று தெரியவரும். தேவையில்லாத ஒன்றைத் தள்ளுபடி விலையில் வருடம் முழுக்க வைத்திருப்பதில் என்ன லாபம்? அதனால் தள்ளுபடியைக் கடைசிப் படியாக வைத்திருக்கிறேன்.

உதாரணங்களைப் பெரும்பாலும் அமேசானின் டேட்டாபேஸ் சேவைகளான ஆர்டிஎஸ், அரோரா, டைனமோடிபி ஆகியவற்றிலிருந்தும், ஆங்காங்கே கூகுள், மைக்ரோசாஃப்ட் சேவைகளிலிருந்தும் எடுத்திருக்கிறேன். பெயர்கள் மாறினாலும் கணக்கு எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

படி 1: பில்லைப் பிரித்துப் படியுங்கள்

டேட்டாபேஸ் கன்சோலைத் திறக்கும் முன் பில்லிங் பக்கத்தைத் திறங்கள். மொத்தத் தொகையைப் பார்த்துப் பயனில்லை. அந்தத் தொகைக்குப் பின்னால் ஐந்தாறு மீட்டர்கள் தனித்தனியாக ஓடிக்கொண்டிருக்கின்றன. கடந்த மூன்று மாத பில்லைக் கட்டண வகை வாரியாகப் பிரித்துக் காட்டும் வசதி எல்லா நிறுவனங்களிடமும் இருக்கிறது. அமேசானில் காஸ்ட் எக்ஸ்ப்ளோரரில் யூசேஜ் டைப் என்று பிரித்தால் கிடைக்கும்.

பெரிய மீட்டர் பெரும்பாலும் இயந்திரத்தின் வாடகைதான். மணிக் கணக்கில் ஓடும். ஒரு மாதத்துக்குச் சராசரியாக 730 மணி. அடுத்தது சேமிப்பிடம், ஜிபி ஒன்றுக்கு மாதம் இவ்வளவு என்று வரும். மூன்றாவது, டிஸ்க்கில் படிக்கவும் எழுதவும் ஆகும் கட்டணம். சில சேவைகளில் இது தனி மீட்டர், சிலவற்றில் சேமிப்பிட விலைக்குள்ளேயே அடங்கிவிடும். நான்காவது பேக்கப்பும் ஸ்னாப்ஷாட்டும் (ஒரு குறிப்பிட்ட கணத்தில் டேட்டாபேஸ் இருந்த நிலையின் நகல்). ஐந்தாவது நெட்வொர்க்: டேட்டா வெளியே போவதற்கும், ஒரே ரீஜியனுக்குள் (ஒரே வட்டாரத்துக்குள்) ஒரு மண்டலத்திலிருந்து, அதாவது ஒரு டேட்டா சென்டர் தொகுதியிலிருந்து, இன்னொரு மண்டலத்துக்குப் போவதற்கும். இவை போக லாக் சேமிப்பு, கூடுதல் கண்காணிப்பு, பொது ஐபி முகவரி என்று சில்லறைகள். பொது ஐபிவி4 முகவரிக்கு 2024 பிப்ரவரி முதல் அமேசானில் மணிக் கணக்கில் கட்டணம் உண்டு. டேட்டாபேஸை இணையத்துக்குத் திறந்து வைப்பது பாதுகாப்புக்கும் கேடு, இப்போது காசுக்கும் கேடு.

ஒரு தாளில் இந்த மீட்டர்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே கடந்த மாதத் தொகையைக் குறியுங்கள். பெரும்பாலும் இரண்டு மீட்டர்கள் மட்டுமே பில்லின் பெரும்பகுதியைத் தின்றுகொண்டிருக்கும். அவற்றில் மட்டும் கை வையுங்கள். மொத்த பில்லில் ஒரு சதவீதம்கூட வராத லாக் செலவைக் குறைக்க ஒரு வாரம் உழைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சொல்லப்போனால் அதில் நானும் ஒருவன்.

இத்தோடு டேக் (பெயர்ச்சீட்டு) ஒட்டும் வேலையையும் முடித்துவிடுங்கள். ஒவ்வொரு டேட்டாபேஸுக்கும் எந்தக் குழு, எந்தப் பயன்பாடு, உற்பத்தியா (பயனர்கள் உண்மையில் பயன்படுத்துவது) சோதனையா என்று மூன்று டேக் போதும். பத்து பன்னிரண்டு டேக் வேண்டும் என்று விதி போட்டால் யாரும் ஒன்றையும் ஒட்ட மாட்டார்கள். அமேசானில் டேக் ஒட்டினால் மட்டும் போதாது, பில்லிங் பக்கத்தில் அதைச் செலவுக் கணக்குக்கான டேக்காக இயக்கவும் வேண்டும். பலர் இதை விட்டுவிட்டு, அறிக்கை ஏன் காலியாக இருக்கிறது என்று தேடுவார்கள்.

படி 2: அலர்ட் வையுங்கள், ஆனால் அதை அணை என்று நினைக்காதீர்கள்

மாத பட்ஜெட் ஒன்றைப் போட்டு 50, 80, 100 சதவீதத்தில் மின்னஞ்சல் வரும்படி வையுங்கள். பத்து நிமிட வேலை. ஆனால் பட்ஜெட் என்பது எச்சரிக்கை மணி மட்டுமே. அமேசானிலும் கூகுளிலும் பட்ஜெட் தாண்டியதும் டேட்டாபேஸ் தானாக நின்றுவிடாது, மீட்டர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதுவுமில்லாமல் பில்லிங் தகவல் சில மணி நேரம் தாமதமாகத்தான் வந்து சேரும். அமேசானின் பட்ஜெட் கணக்கு ஒரு நாளில் அதிகபட்சம் மூன்று முறை புதுப்பிக்கப்படுகிறது. இரவில் ஓட விட்ட தவறான ஒரு வேலை காலையில்தான் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: யாரும் தொடாததை அணையுங்கள்

இதுதான் எளிதில் கிடைக்கும் சேமிப்பு. கடந்த இரண்டு வாரத்தில் ஒரு இணைப்புகூட வராத டேட்டாபேஸ்களைப் பட்டியலிடுங்கள். ஆர்டிஎஸ்ஸில் டேட்டாபேஸ் கனெக்ஷன்ஸ் என்ற அளவீட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பழைய செயல்விளக்கத்துக்குப் போட்டது, வேலையை விட்டுப் போனவர் சோதனைக்கு எழுப்பியது, இடம்பெயர்வு முடிந்தபின் ஒருவேளை தேவைப்படும் என்று விட்டுவைத்தது. பட்டியல் எப்போதும் எதிர்பார்த்ததைவிட நீளமாகவே இருக்கும்.

நிறுத்துவது வேறு, அழிப்பது வேறு. ஆர்டிஎஸ்ஸில் ஒரு டேட்டாபேஸை நிறுத்தினால் இயந்திர வாடகை மட்டும்தான் நிற்கும். சேமிப்பிடத்துக்கும் பேக்கப்புக்கும் கட்டணம் தொடரும். அதைவிட முக்கியம், ஏழு நாள் ஆனதும் அது தானாகவே எழுந்து ஓடத் தொடங்கிவிடும். மாங்கோடிபி அட்லஸ் என்ற இன்னொரு கிளவுட் டேட்டாபேஸ் சேவையில் தற்காலிகமாக நிறுத்தி வைத்த கிளஸ்டர் 30 நாளில் இப்படி எழுந்துவிடும். நிறுத்திவிட்டோமே என்ற நிம்மதியில் இருப்பவர்களுக்கு அடுத்த மாத பில் பேரதிர்ச்சி. ஒரு வாரத்துக்கும் மேலாக அதைத் தொடப்போவதில்லை என்றால் கடைசி ஸ்னாப்ஷாட் ஒன்றை எடுத்துவிட்டு அழித்துவிடுவதே சரி. வேண்டும்போது அதிலிருந்து திரும்ப எழுப்பிக்கொள்ளலாம்.

சோதனைச் சூழலுக்கு ஒரு சின்னக் கணக்கு. வாரத்துக்கு 168 மணி. திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் 12 மணி நேரம் மட்டும் ஓட விட்டால் 60 மணி. அதாவது வாடகையில் ஏறத்தாழ 64 சதவீதம் மிச்சம். காலையில் எழுப்பி இரவில் நிறுத்தும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும். அதே ஸ்கிரிப்ட் ஏழு நாள் பிரச்சினையையும் தீர்த்துவிடும்.

சோதனைச் சூழலில் இன்னொன்றையும் பாருங்கள்: மல்ட்டி-ஏஇசட். இதை இயக்கினால் வேறொரு மண்டலத்தில் இன்னொரு இயந்திரம் எப்போதும் தயாராக நிற்கும். விலை ஏறத்தாழ இரட்டிப்பு. உற்பத்திச் சூழலுக்கு அது கட்டாயம் வேண்டும், அங்கே கை வைக்காதீர்கள். டெவலப்பர்கள் விளையாடும் டேட்டாபேஸுக்கு எதற்கு? உற்பத்தியின் அமைப்பை அப்படியே நகலெடுத்துச் சோதனைச் சூழல் உருவாக்கும் இடங்களிலெல்லாம் இது சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

பழைய ஸ்னாப்ஷாட்டுகளும் இதே ரகம். தானாக எடுக்கப்படும் பேக்கப்புக்கு ஆர்டிஎஸ்ஸில் அதிகபட்சம் 35 நாள் ஆயுள். நாள் முடிந்ததும் தானே போய்விடும். கையால் எடுத்த ஸ்னாப்ஷாட்டுக்கு ஆயுள் வரம்பு இல்லை, நீங்கள் அழிக்கும்வரை இருக்கும். ஒரு ரீஜியனில் ஓடும் டேட்டாபேஸ்களின் மொத்தச் சேமிப்பிட அளவு வரை பேக்கப் இடம் இலவசம் என்பதால் முதலில் இது பில்லில் தெரியாது. டேட்டாபேஸ்களை அழிக்க அழிக்க அந்த இலவச அளவு சுருங்கும், மிஞ்சிய ஸ்னாப்ஷாட்டுகளுக்குக் கட்டணம் விழ ஆரம்பிக்கும். அழித்த பிறகு பேக்கப் செலவு ஏன் கூடியது என்று குழம்பாதீர்கள். காரணம் இதுதான்.

படி 4: சேமிப்பிடம் ஏறும், இறங்காது

இந்தப் படியில் கொஞ்சம் நிதானமாகப் போகலாம், ஏனென்றால் இங்கே செய்யும் தவறைத் திருத்துவதுதான் மிகக் கடினம்.

இயந்திரத்தைப் பெரிதாக்கினால் நாளைக்கே சிறிதாக்கலாம். டிஸ்க் அப்படியில்லை. ஆர்டிஎஸ்ஸிலும் கூகுளின் கிளவுட் எஸ்க்யூஎல்லிலும் ஒருமுறை கூட்டிய இடத்தை அமைப்புப் பக்கத்திலேயே எண்ணை மாற்றிக் குறைத்துவிட முடியாது. பொதுவாகச் சிறிய டிஸ்க் உள்ள புது டேட்டாபேஸை எழுப்பி, டேட்டாவை அங்கே நகர்த்தி, பயன்பாட்டை அதன் பக்கம் திருப்ப வேண்டும். ஆர்டிஎஸ்ஸில் புளூ-கிரீன் முறை (பக்கத்திலேயே ஒரு நகலை எழுப்பி, தயாரானதும் அதற்கு மாறுவது) இதைக் கொஞ்சம் எளிதாக்கியிருக்கிறது என்றாலும் அதுவும் ஒரு சின்ன இடம்பெயர்வுதான். ஆகவே தொடங்கும்போது சிறிதாகத் தொடங்குங்கள். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு டெராபைட் போடாதீர்கள்.

சிறிதாகத் தொடங்கினால் இடம் தீர்ந்து டேட்டாபேஸ் நின்றுவிடாதா? அதற்குத்தான் தானாக வளரும் வசதி இருக்கிறது. ஆர்டிஎஸ்ஸில் காலியிடம் பத்து சதவீதத்துக்குக் கீழே போய் ஐந்து நிமிடம் அப்படியே இருந்தால் டிஸ்க் தானாகப் பெரிதாகும். நல்ல வசதிதான். ஆனால் அதில் மேல்வரம்பு என்று ஒரு எண் கேட்கும். அங்கே பெரிய எண்ணைப் போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். நானும் அப்படி மறந்தவன்தான்.

ஒரு திட்டத்தில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸிலிருந்து மாற்றங்களை உடனுக்குடன் வேறொரு இடத்துக்கு நகலெடுக்கும் கருவி ஒன்றைச் சோதித்துப் பார்த்தோம். பிடிக்கவில்லை, கருவியை எடுத்துவிட்டோம். அதற்காக டேட்டாபேஸில் உருவாக்கிய ரெப்ளிகேஷன் ஸ்லாட்டை மட்டும் அழிக்காமல் விட்டுவிட்டேன். அந்த ஸ்லாட் இருக்கும்வரை, யாரோ வந்து படிப்பார்கள் என்று போஸ்ட்கிரெஸ் தன் பதிவுக் கோப்புகள் ஒன்றையும் அழிக்காமல் காத்திருக்கும். கோப்புகள் குவிந்தன, காலியிடம் குறைந்தது, டிஸ்க் தானாக வளர்ந்தது. மறுபடி குவிந்தன, மறுபடி வளர்ந்தது. நான் கவனித்தபோது 90 ஜிபி டேட்டாவுக்கு 700 ஜிபி டிஸ்க். ஸ்லாட்டை அழிக்க ஒரே ஒரு வரி. டிஸ்க்கைச் சுருக்க ஒரு சனிக்கிழமை இரவு முழுக்க.

ஆக, மேல்வரம்பை இப்போதுள்ள டேட்டாவைவிட இரண்டு மடங்குக்குள் வையுங்கள், காலியிடம் வழக்கத்தைவிட வேகமாகக் குறைந்தால் அலர்ட் வரும்படி செய்யுங்கள், யாரும் படிக்காத ஸ்லாட் இருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள்.

டேபிளில் உள்ள பழைய வரிசைகளை (ரோ) அழித்தால் இடம் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் புதியவர்களிடம் உண்டு. போஸ்ட்கிரெஸில் டிலீட் செய்த இடம் அந்த டேபிளுக்குள்ளேயே மறுபயன்பாட்டுக்கு நிற்கும், பொதுவாக டிஸ்க்குக்குத் திரும்பாது. முழு வேக்கூம் (டேபிளைச் சுருக்கித் திரும்ப எழுதும் கட்டளை) செய்தால் திரும்பும்; ஆனால் அது முடியும்வரை டேபிள் பூட்டியே கிடக்கும். மாதம் தவறாமல் பழைய டேட்டாவைக் கழிக்க வேண்டியிருந்தால் டேபிளை மாத வாரியாகப் பார்ட்டிஷன் செய்துவிடுங்கள், அதாவது தனித்தனித் துண்டுகளாகப் பிரித்துவிடுங்கள். பழைய பார்ட்டிஷனைத் தூக்கியெறிவது நொடி வேலை, இடமும் உடனே காலியாகும். இடம் காலியானாலும் வாங்கிய டிஸ்க் சுருங்காது என்பதை மறுபடி நினைவுபடுத்துகிறேன். இங்கே லாபம் என்னவென்றால் அடுத்த வளர்ச்சி தள்ளிப்போகும். அரோராவில் நிலைமை வேறு: அங்கே பயன்படுத்திய இடத்துக்குத்தான் கட்டணம், டேபிளைத் தூக்கினால் கணக்கும் குறையும்.

டிஸ்க் வகை பற்றியும் ஒரு வார்த்தை. gp2 என்ற பழைய எஸ்எஸ்டி வகையில் வேகம் அளவோடு கட்டிப்போடப்பட்டிருந்தது, ஒரு ஜிபிக்கு மூன்று ஐஓபிஎஸ் (நொடிக்கு எத்தனை முறை படிக்க, எழுத முடியும் என்ற கணக்கு). எனவே 3000 ஐஓபிஎஸ் வேண்டும் என்பதற்காக மட்டும் 1000 ஜிபி வாங்கினார்கள். gp3 வகையில் சிறிய டிஸ்க்கிலேயே 3000 ஐஓபிஎஸ் அடிப்படையாகக் கிடைக்கிறது. பழைய டேட்டாபேஸ் ஒன்று தேவைக்கு மீறிப் பெரிய டிஸ்க்கோடு இருந்தால் அதன் பூர்வீகம் பெரும்பாலும் இதுதான்.

படி 5: முதலில் குவெரி, பிறகுதான் இயந்திரம்

டேட்டாபேஸ் மெதுவாகிறது, பெரிய இயந்திரம் வாங்குவோம் என்று யாராவது சொன்னால் ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். இல்லாத ஓர் இண்டெக்ஸுக்கு (வரிசைகளை விரைவாகத் தேட உதவும் அட்டவணை) பதிலாகத்தான் பாதி நேரம் இரண்டு மடங்கு இயந்திரம் வாங்கப்படுகிறது.

போஸ்ட்கிரெஸில் பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ் என்ற நீட்சியை இயக்கி, மொத்த நேரத்தின்படி வரிசைப்படுத்துங்கள். ஒரு முறை ஓட எவ்வளவு நேரம் என்பதைப் பார்க்காதீர்கள், மொத்தத்தைப் பாருங்கள். பத்து நொடி எடுத்து நாளுக்கு ஒரு முறை ஓடும் அறிக்கை கண்ணில் படும், ஆனால் செலவு அங்கே இல்லை. 20 மில்லிநொடி எடுத்து நாளுக்குப் பத்து லட்சம் முறை ஓடும் குவெரிதான் இயந்திரத்தை உறிஞ்சுகிறது: கூட்டினால் நாளுக்கு ஐந்தரை மணி நேர வேலை. மைஎஸ்க்யூஎல்லில் இதற்கு பெர்ஃபாமன்ஸ் ஸ்கீமா இருக்கிறது.

முதல் ஐந்து குவெரிகளை எடுத்து, அவை எப்படி ஓடுகின்றன என்று காட்டும் எக்ஸ்ப்ளெயின் கட்டளையைப் போட்டுப் பாருங்கள். பத்து வரிசைக்காக டேபிள் முழுவதையும் படிக்கிறதா? இண்டெக்ஸ் போடுங்கள். ஒரு பட்டியலைக் காட்ட நூறு தனித்தனிக் குவெரிகள் போகின்றனவா? பயன்பாட்டுக் குறியீட்டில் அதை ஒன்றாக்குங்கள். மாறவே மாறாத அமைப்புத் தகவலை ஒவ்வொரு கோரிக்கையிலும் படிக்கிறதா? ஐந்து நிமிடம் நினைவில் வைத்திருக்கச் சொல்லுங்கள். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு இண்டெக்ஸ் போட்டுத் தள்ளவும் கூடாது. ஒவ்வொரு இண்டெக்ஸும் டிஸ்க்கில் இடம் பிடிக்கிறது, ஒவ்வொரு எழுதலிலும் கூடுதல் வேலை வைக்கிறது. ஒருமுறைகூடப் பயன்படாத இண்டெக்ஸ்களைப் புள்ளிவிவர டேபிளே காட்டிக்கொடுக்கும். தூக்கும் முன் ரெப்ளிகாவில் (படிப்பதற்கென வைத்த நகல் டேட்டாபேஸ்) அது பயன்படுகிறதா என்றும் பாருங்கள்.

இணைப்புகளும் ஒரு மறைமுகச் செலவு. போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு இணைப்பும் தனி புராசஸ், தனி மெமரி. சும்மா திறந்து கிடக்கும் எண்ணூறு இணைப்புகளுக்காகப் பெரிய இயந்திரம் வாங்குவதற்குப் பதில் நடுவில் பிஜிபவுன்சர் போன்ற ஒரு பூலரை (சில இணைப்புகளையே பலருக்கும் பகிர்ந்து கொடுக்கும் கருவி) வைத்தால் காரியம் முடிந்தது.

படி 6: இயந்திரத்தைச் சரியான அளவுக்குக் கொண்டுவாருங்கள்

குவெரிகளைச் சரிசெய்து இரண்டு வாரம் போகட்டும். மாதக் கடைசி அறிக்கை போன்ற கனமான நாள் ஒன்றும் அதற்குள் வர வேண்டும். பிறகு சிபியு வரைபடத்தைப் பாருங்கள். சராசரி ஏமாற்றும், பரபரப்பான நேரத்தில் எவ்வளவு ஏறுகிறது என்பதே கேள்வி. உச்ச நேரத்திலும் 40 சதவீதத்தைத் தாண்டவில்லை என்றால் ஒரு படி இறக்கிப் பார்க்கலாம். ஒரே குடும்பத்துக்குள் (ஒரே இயந்திர வகைக்குள்) ஒரு படி இறங்கினால் வாடகை பாதியாகும்.

மெமரி வரைபடத்தைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். டேட்டாபேஸ் கிடைக்கிற மெமரியையெல்லாம் கேஷாக எடுத்துக்கொள்வதுதான் இயல்பு. அதிகம் தொடப்படும் டேட்டா மெமரியில் அடங்குகிறதா என்பதற்கு டிஸ்க்கிலிருந்து படிக்கும் எண்ணிக்கைதான் நல்ல அடையாளம். அளவைக் குறைத்ததும் அந்த எண்ணிக்கை எகிறினால் மெமரி போதவில்லை என்று பொருள். அரோரா போல ஒவ்வொரு படிப்புக்கும் கட்டணம் உள்ள இடத்தில் வாடகையில் மிச்சம் பிடித்தது ஐஓ (டிஸ்க்கில் படிப்பது, எழுதுவது) பில்லில் போய்விடும். அங்கே ஐஓ செலவு மொத்த அரோரா செலவில் கால் பங்கைத் தாண்டினால், 2023இல் வந்த ஐஓ-ஆப்டிமைஸ்டு முறைக்கு மாறுவது லாபம். இயந்திரமும் இடமும் விலை கூடும், ஐஓவுக்கான தனி மீட்டர் இருக்காது.

டி3, டி4ஜி போன்ற சிறிய வகைகள் விலை குறைவு என்று எடுக்கப்படுகின்றன. சோதனைக்கு அருமை. ஆனால் அவை கிரெடிட் கணக்கில் ஓடுபவை: சும்மா இருக்கும்போது கிரெடிட் சேரும், அதிகம் உழைக்கும்போது கரையும். ஆர்டிஎஸ்ஸில் கிரெடிட் தீர்ந்தாலும் வேகம் குறையாது, தொடர்ந்து அதிகமாக ஓடினால் மேற்கொண்டு கட்டணம் விழும். நாள் முழுக்க உழைக்கும் டேட்டாபேஸுக்கு அவை பொருந்தாது. அமேசானின் சொந்தச் சில்லான கிராவிட்டான் வகை இயந்திரங்களுக்கு மாறுவதும் நல்ல சேமிப்பு. டேட்டாபேஸை அவர்களே நிர்வகிப்பதால் நம் குறியீட்டில் பெரும்பாலும் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

அளவு மாற்றும்போது டேட்டாபேஸ் சற்று நேரம் நிற்கும். மல்ட்டி-ஏஇசட் இருந்தால் வழக்கமாக ஓரிரு நிமிடம், இல்லாவிட்டால் இன்னும் கூடுதல். கூட்டம் இல்லாத நேரம் பார்த்துச் செய்யுங்கள்.

படி 7: பயன்பாட்டுக்கு ஏற்பக் கட்டணம் வாங்கும் சேவைகள்

எடுத்து வைத்ததற்குக் காசு என்ற கணக்கு பொருந்தாத சேவைகளும் இருக்கின்றன. அங்கே ஆபத்து தலைகீழ்: ஒரு தவறான குவெரி நேராக பில்லாக மாறிவிடும்.

டைனமோடிபியில் படிப்பது 4 கேபி அலகிலும் எழுதுவது 1 கேபி அலகிலும் எண்ணப்படும். ஸ்கேன் செய்து ஃபில்டர் போட்டால் ஃபில்டருக்கு முன் படித்த அத்தனைக்கும் கட்டணம். மூன்று வரிசை மட்டுமே திரும்பி வந்தாலும் டேபிள் முழுக்கப் படித்த காசு போய்விடும். கொஞ்சம் பழைய டேட்டா வந்தாலும் பரவாயில்லை என்ற இடங்களில் சாதாரண வாசிப்பே போதும், உறுதியான வாசிப்பைவிடப் பாதி விலை. காலாவதியான வரிசைகளை டிடிஎல் (காலம் முடிந்ததும் தானாக நீக்கும் வசதி) வழியாக நீக்கினால் எழுதல் கட்டணம் இல்லை.

கூகுளின் ஃபயர்ஸ்டோர் டேட்டாபேஸில் படிக்கும் ஒவ்வொரு ஆவணமும் ஒரு வாசிப்பு. நாளுக்கு 50,000 வாசிப்பு இலவசம் என்பது கேட்க நிறைய. திரையைத் திறக்கும்போதெல்லாம் 500 ஆவணம் படித்தால் நூறு முறை திறந்ததும் தீர்ந்தது. பக்கம் பக்கமாகக் காட்ட ஆஃப்செட் (முதல் இத்தனையைத் தாண்டிப் போ என்பது) பயன்படுத்தினால் தாண்டிப் போன ஆவணங்களுக்கும் கட்டணம். விட்ட இடத்திலிருந்து தொடரும் கர்சரைப் பயன்படுத்துங்கள்.

கூகுளின் பிக்குவெரி ஒரு டேட்டா வேர்ஹவுஸ், அதாவது பெரிய அளவு டேட்டாவை அலசுவதற்கான கிடங்கு. அதன் தேவைக்கேற்ற கட்டண முறையில் படித்த பைட் அளவுக்குக் காசு. லிமிட் 10 என்று போட்டால் குறையும் என்று எல்லோரும் நினைப்பார்கள், சாதாரண டேபிளில் குறையாது. தேவையான நெடுவரிசைகளை மட்டும் கேட்டால் குறையும், தேதிவாரியாகப் பார்ட்டிஷன் செய்தால் குறையும். குவெரிக்கு அதிகபட்ச பைட் வரம்பு வைக்கலாம், அதைத் தாண்டும் என்றால் ஓடாமலே மறுத்துவிடும். புதியவர்கள் கையில் கொடுக்கும் முன் இந்த வரம்பை வைத்துவிடுங்கள்.

சர்வர்லெஸ் (வேலைக்கு ஏற்பத் தானாகக் கூடிக் குறையும் வகை) என்று வருபவற்றில் ஒரு சிக்கல் உண்டு. அஜூர் எஸ்க்யூஎல் சர்வர்லெஸ்ஸும், 2024 இறுதியிலிருந்து அரோரா சர்வர்லெஸ் வி2வும் வேலை இல்லாதபோது முழுமையாகத் தூங்கிவிடக் கூடியவை. தூங்கும்போது இடத்துக்கு மட்டும் கட்டணம். ஆனால் ஒரே ஓர் இணைப்பு திறந்திருந்தால்கூடத் தூங்காது. கண்காணிப்புக் கருவி நிமிடத்துக்கு ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் இரவு முழுக்க விழித்தே இருக்கும். தூக்கத்திலிருந்து எழ அரோராவுக்கு வழக்கமாகப் பதினைந்து நொடி போல ஆகும், சில சமயம் அதற்கு மேலும் ஆகலாம் என்பதால் வாடிக்கையாளர் நேரடியாகத் தொடும் இடத்துக்கு இது சரிப்படாது. நாள் முழுக்க ஒரே சீராக வேலை இருக்கும் டேட்டாபேஸுக்கு சாதாரண இயந்திரமே மலிவு.

படி 8: பழைய வெர்ஷனுக்கு விழும் அபராதம்

அபராதம் என்பது என் சொல்; அவர்கள் எக்ஸ்டெண்டட் சப்போர்ட் என்பார்கள். ஆதரவுக் காலம் முடிந்த வெர்ஷனை ஓட்டினால் ஆர்டிஎஸ்ஸில் ஒவ்வொரு விசிபியுவுக்கும் (மெய்நிகர் கோர்) மணிக் கணக்கில் கூடுதல் கட்டணம், மூன்றாம் ஆண்டில் அது இன்னும் ஏறும். மைஎஸ்க்யூஎல் 5.7க்கு 2024 மார்ச்சிலும், போஸ்ட்கிரெஸ் 11க்கு 2024 ஏப்ரலிலும் இது தொடங்கியது. எந்தப் பட்டனையும் அழுத்தாமலே பில் ஏறியிருந்தால் முதலில் இதைப் பாருங்கள். உங்கள் வெர்ஷனின் ஆதரவு முடியும் தேதியைத் தேடி, அதற்கு ஆறு மாதம் முன்பே மேம்படுத்தும் வேலையைத் தொடங்குங்கள்.

படி 9: இப்போது தள்ளுபடி

மேலே சொன்னதெல்லாம் முடிந்து, ஒரு மாதம் அளவு மாறாமல் ஓடியிருந்தால் இந்தப் படிக்கு வரலாம். ஆர்டிஎஸ்ஸில் ஒரு வருடம் அல்லது மூன்று வருடத்துக்கு இயந்திரத்தை முன்பதிவு செய்யலாம். பணத்தை முன்கூட்டிக் கட்டலாம், பாதி கட்டலாம், ஒரு வருட முன்பதிவை ஒன்றும் கட்டாமலும் எடுக்கலாம். முன்பணம் கூடினால் தள்ளுபடி சற்றே கூடும். இது இயந்திர வாடகைக்கு மட்டும்தான். இடம், பேக்கப், நெட்வொர்க் எதற்கும் பொருந்தாது. கூகுளின் கிளவுட் எஸ்க்யூஎல்லிலும் உறுதியளித்தால் கிடைக்கும் தள்ளுபடி சிபியுவுக்கும் மெமரிக்கும் மட்டுமே.

வாங்கியதை ரத்து செய்ய முடியாது, எனவே தேவை முழுவதுக்கும் வாங்கிவிடாதீர்கள். எந்த நிலையிலும் ஓடியே தீரும் அடிப்படை அளவு எவ்வளவு என்று பார்த்து அதில் 60 அல்லது 70 சதவீதத்துக்கு மட்டும், முதல் முறை ஒரு வருடத்துக்கு மட்டும் எடுங்கள். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் போன்றவற்றில் முன்பதிவு ஒரே குடும்பத்துக்குள் அளவு மாறினாலும் செல்லும். பெரிய இயந்திரம் ஒன்றுக்கு எடுத்தது சிறிய இரண்டுக்குப் பொருந்தும். குடும்பம் மாறினால் செல்லாது. கிராவிட்டானுக்கு மாறும் எண்ணம் இருந்தால் முதலில் மாறிவிட்டு அப்புறம் வாங்குங்கள்.

வாங்கிய அன்றே முடியும் தேதியைக் குழுவின் காலண்டரில் ஒரு மாதம் முன்னதாகக் குறித்துவிடுங்கள். அது தானாகப் புதுப்பிக்கப்படாது, முடிந்த மறு மணியிலிருந்து அதே இயந்திரம் முழு விலையில் ஓடும்.